இடப்பக்கத் தூண்

சகலமானவர்களுக்கும் இதன் மூலம் அறிவிக்கப்படுவது யாதெனில்: தமிழ்நாட்டின் வடமேற்கு ஓரத்தில், பெங்களூர் பஸ்கள் கடைசியாகத் தமிழில் டிக்கெட் கிழிக்கும் இடத்தில், ஓவியக் கலையில் ஒரு தனிப் பாணி தோன்றி, வளர்ந்து, முதிர்ந்து, நிலைபெற்றுவிட்டது. அதன் பெயர் ஓசூர் பாணி. உலகக் கலை வரலாறு இதுவரை இதைக் கவனிக்கவில்லை என்றால் அது உலகக் கலை வரலாற்றின் பாடு. பாணியைத் தோற்றுவித்த மாமேதை சென்னகிருஷ்ணன் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைய தேதியில் அந்தப் பாணியில் வரையும் ஓவியர்களின் மொத்த எண்ணிக்கை ஒன்று.

அந்த ஒன்றுக்குப் பெயர் திம்மராயன்.

ஓசூர் பாணி என்பது ஊரை வரைவது. பஸ் ஸ்டாண்டு, ராமநாயக்கன் ஏரி, மலைக்கோயில் அடிவாரம், சிப்காட் கேட்டில் ஷிப்ட் விடுகிற நேரம், மேம்பாலத்துக்குக் கீழே பூக்கடைகள். இவற்றை யார் வேண்டுமானாலும் வரையலாம். ஓசூர் பாணிக்கு வேறு இரண்டு லட்சணங்கள் உண்டு. முதலாவது, படத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நான்கு விரல் அகலத்தில் கரும்பழுப்பாக ஒரு தூண் நிற்கும். பஸ் ஸ்டாண்டு என்றாலும் தூண். நட்ட நடு ஏரி என்றாலும் தூண். இரண்டாவது, படத்தில் இருக்கும் மனிதர்கள் அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். சென்னகிருஷ்ணனின் ஓசூரில் ஒருத்தர்கூட எதிரே வந்ததில்லை. ஓவியரைப் பார்த்ததும் ஊரே திரும்பிக்கொண்ட மாதிரி இருக்கும்.

பெங்களூரிலிருந்து ஜெகதீஷ் என்ற கலை விமர்சகர் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் இதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். அந்தத் தூண் இரண்டு மாநிலங்களுக்கு நடுவே கிழிக்கப்பட்ட எல்லைக்கோடு. மொழிவாரிப் பிரிவினையின் ஆறாத வடு. அந்த முதுகுகள், எந்திர யுகத்துக்கு முகத்தைப் பறிகொடுத்த மனிதனின் மௌன அலறல். திம்மராயன் அந்தக் கட்டுரையை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருந்தார். முழுசாகப் புரியவில்லை என்பதால் அதன்மேல் மரியாதை கூடுதலாகவே இருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து தூண் வரைவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்ணை மூடி நிற்பது அவர் வழக்கம்.

பிழைப்புக்கு அவர் சிப்காட்டில் மோட்டார் சைக்கிள் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு கம்பெனியில் டச்-அப் வேலை பார்த்தார். ரோபோ பெயிண்ட் அடிக்கும். அது விட்ட கீறலை, திட்டை, இவர் சின்னப் பிரஷால் சரிசெய்வார். அவர் கை பட்ட இடம் தெரியாமல் இருந்தால் வேலை சுத்தம். தெரிந்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவார். ஆக, பகலில் ரோபோவைப் போலவும் மாலையில் சென்னகிருஷ்ணனைப் போலவும் பெயிண்ட் அடித்தே அவருக்கு ஐம்பத்திரண்டு வயது ஆகிவிட்டது.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. பெரிய ஆசை இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் கல்யாண மண்டபத்தில் நடக்கிற கண்காட்சியில் அவர் படங்களைப் பார்ப்பவர்கள், "அட, சென்னகிருஷ்ணன் படம்!" என்பார்கள். "நான் வரைஞ்சதுங்க" என்று இவர் சொன்னால், "அப்படியா? அப்படியே அவரு மாதிரியே இருக்குதே!" என்று முதுகில் தட்டிக்கொடுப்பார்கள். பாராட்டுதான். ஆனால் தட்டிய இடம் ரெண்டு நாளைக்கு வலிக்கும். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, தன் படத்துக்கு முன்னால் நின்று, இது யார் வரைந்தது என்று தானாகக் கேட்டு, திம்மராயன் என்ற பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. மனைவி சுகுணாவிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, "ரேஷன் கடைல கேக்கறாங்களே, பத்தாதா?" என்றார்.

இப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மத்திகிரியில் அவர் வீட்டு முன்னால் ஒரு பெரிய கார் வந்து நின்றது. தெரு சின்னது, கார் நின்றதும் தெரு தீர்ந்துபோனது. முதலில் இறங்கியவர் விஜயகுமார். சிறுதொழில் அதிபர்கள் சங்கத்தின் தலைவர். மூக்கண்டப்பள்ளியில் போல்ட்டு நட்டு செய்கிறார். அடுத்து இறங்கியவர் அசோக்குமார். சங்கச் செயலாளர், கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் நெடுநாள் நண்பர்கள். அதாவது, ஒருவர் சறுக்குவதைப் பார்க்காமல் சாவதில்லை என்று இன்னொருவர் இருக்கிறார்.

"குந்துங்க, குந்துங்க" என்று சுகுணா நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"குந்தறதுக்கெல்லாம் நேரமில்லம்மா" என்று சொல்லிவிட்டு விஜயகுமார் உட்கார்ந்தார். "சங்கத்துக்குப் புதுக் கட்டடம் கட்டியிருக்கறோம். உள்ள நுழைஞ்சதும் ரிசப்ஷன்ல ஒரு பெரிய சுவரு. அதுல எட்டடிக்கு நாலடி நம்ம ஊரு நிக்கணும். சென்னகிருஷ்ணன் படம் ஒண்ணு வாங்கலாம்னு தேடுனோம். எல்லாம் ரெண்டடி, மூணடின்னு இருக்குது."

"அவரு பெருசா வரைய மாட்டாருங்க" என்றார் திம்மராயன்.

"அதான். அவரும் இல்ல. நீங்க இருக்கீங்க."

"அச்சா அவரு மாதிரியே போடறீங்களாமே" என்றார் அசோக்குமார். "எது அவருது, எது உங்களுதுன்னு கண்டுபிடிக்கவே முடியாதாமே?"

சுகுணா காபி டம்ளரை ஸ்டூலில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"பேரு போடலாங்களா?" என்று கேட்டார் திம்மராயன்.

"யாரு பேரு?"

"என் பேருங்க. படத்துல."

விஜயகுமார் அசோக்குமாரைப் பார்த்தார். அசோக்குமார் லேமினேட் செய்த கட்டுரையைப் பார்த்தார். "தாராளமா போடுங்க" என்றார் தலைவர் பெருந்தன்மையாக. "ஓரமா."

மலைக்கோயில் போகிற வழியில் முதல் வளைவில் நின்று வடக்கே பார்த்தால் ஊர் எப்படித் தெரியுமோ அப்படி வரைவது என்று முடிவாயிற்று. திம்மராயன் ஒரு மாதிரிப் படம் போட்டு சங்கத்துக்கு எடுத்துப்போனார். அங்கேதான் சிக்கல். இடதுகைப் பக்கம் மூக்கண்டப்பள்ளி. வலதுகைப் பக்கம் பாகலூர் ரோடு. விஜயகுமாரின் தொழிற்சாலை இருக்க வேண்டிய இடத்தில் கரும்பழுப்பாக ஒரு தூண் நின்றது.

"என் கம்பெனி எங்க?" என்றார் தலைவர்.

"தூணுக்குப் பின்னால இருக்குதுங்க."

"நிலத்தடில புதையல் இருக்கற மாதிரியா?" என்று அசோக்குமார் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தூணைக் கொஞ்சம் வலப்பக்கமாத் தள்ளி வச்சா?" என்றார் தலைவர்.

"அப்ப பஸ் ஸ்டாண்டு மறையுங்க. இன்னும் தள்ளுனா மலையடிவாரம். அதையும் தாண்டித் தள்ளுனா பாகலூர் ரோட்டுக்காரங்க."

பாகலூர் ரோட்டில் கம்பெனி வைத்திருந்த உறுப்பினர்கள் அன்றைக்குக் கூட்டமாகவே வந்திருந்தார்கள். அவர்கள் தங்கள் கருத்தை அமைதியாகத் தெரிவித்த பிறகு, தூணைத் தள்ளும் யோசனை கைவிடப்பட்டது.

"அப்ப எடுத்துட வேண்டியதுதான்" என்றார் தலைவர்.

"எப்படிங்க எடுக்கறது?" அசோக்குமார் பதறினார். அவருக்குக் கலைமேல் திடீரென்று பற்று வந்திருந்தது. "தூணு இல்லன்னா அது ஓசூர் பாணியா? பெங்களூர்க்காரரு நாலு பக்கம் எழுதியிருக்காரு. எல்லைக்கோடு! வடு! அதப் போயி உன் ஒருத்தன் ஷெட்டுக்காக எடுக்க முடியுமா? அப்பறம், ஓவியரே, என் ஆலை எங்க வரும்?"

"அது கிருஷ்ணகிரி தாண்டிங்க. இங்கிருந்து தெரியாதுங்களே."

"தூரத்துல சின்னதா போடுங்க. நான் பெருசாவா கேக்கறேன்?"

கடைசியில், தூணை வைப்பதா எடுப்பதா என்கிற கலைப் பிரச்சினையில் சங்கம் தலையிடாது, அதை ஓவியரின் மனசாட்சிக்கே விடுகிறது என்று தீர்மானம் போட்டார்கள். தலைவர் வாசல்வரை வந்து, "மனசாட்சின்னா என்னான்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டு வழியனுப்பினார்.

அன்று இரவு சாப்பிடும்போது திம்மராயன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துத் தொலையறதுதான?" என்றார் சுகுணா. "தூணு இல்லாம, மூஞ்சியெல்லாம் வச்சு, நீயா ஒண்ணு போடு. அப்பத்தான் உன்னுதுன்னு தெரியும். ஊர்ல பாதிப்பேரு மூஞ்சி நல்லாத்தான இருக்குது?"

"குரு துரோகம் ஆயிடாதா?"

"ஞாயித்துக்கிழமை தவறாம அவருகிட்ட கத்துக்கப் போனியே, உனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பாரா? நீதான வாங்கிக் குடுப்ப. துரோகமாம்."

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. குருவிடம் கேட்க முடியாது; குருவின் மனைவியிடம் கேட்கலாம். சென்னம்மாள் இப்போது வேப்பனப்பள்ளியில் மகன் வீட்டில் இருந்தார். திம்மராயன் ஒரு வெற்றிலைத் தட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ மைசூர்பாகு இவற்றோடு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். மாந்தோப்புக்கு நடுவே வீடு. மார்கழி வெயிலில் ஒரு சாக்கை விரித்து சென்னம்மாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"ரா, ரா" என்று தெலுங்கில் வரவேற்றுவிட்டுத் தமிழுக்கு வந்தார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? குந்து. சும்மா குந்தாத, ரெண்டு கையும் இருக்குதுல்ல, உரி."

திம்மராயன் உட்கார்ந்து உரித்தார். கொஞ்ச நேரம் மழை, மாம்பூ, மகனுடைய சர்க்கரை நோய் பற்றிப் பேசினார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு மடத்தில் தம்பிரானிடம் விண்ணப்பிப்பதைப் போன்ற குரலில் விஷயத்தைச் சொன்னார். எட்டடிப் படம். சங்கத்தின் சுவர். தூண். எல்லைக்கோடு. வடு. "நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, தூணு இருந்துட்டுப் போவட்டும்மா. குரு போட்டது."

"எந்தத் தூணு?" என்றார் சென்னம்மாள்.

"படத்துல, இடப்பக்கம், பழுப்பா நிக்குமே."

"அதா?" சென்னம்மாள் ஒரு அவரைக்காயை நிமிண்டி விதையைப் பாத்திரத்தில் போட்டார். "அது அவரு எங்க போட்டாரு? நான்தான் பூசுவேன்."

திம்மராயன் கையிலிருந்த காய் அப்படியே நின்றது.

"அவரு கம்பெனி ஸ்டோர்ல இருந்தாருல்ல. ஜெர்மனிலருந்து மிசினு வரும். மரப்பொட்டியில வரும். அந்தப் பலகைய சும்மா எடுத்துக்கலாம்னு வீட்டுக்குக் கொண்டாருவாரு. காசு குடுத்து துணி வாங்கி வரையறதுக்கு நாம என்ன மகாராஜாவா? பலகை நல்ல பலகைதான். ஆனா ஒரு ஓரத்துல வரிசையா ஆணி ஓட்டையா இருக்கும். அதுக்கு மேல அவரு வரைஞ்சா, வானத்துல ஓட்டை, கோபுரத்துல ஓட்டை. பார்க்க நல்லாவா இருக்கும்? அதான் சனிக்கிழமை சனிக்கிழமை மக்கு வச்சு அடைச்சு, மேல நான் பூசி வச்சிடுவேன். ஞாயித்துக்கிழமை நீ வர்றதுக்குள்ள காஞ்சிரும்."

"அந்தக் கலரு..."

"வாசல் கேட்டுக்கு அடிச்ச பெயிண்டு. மிச்சம் ஒரு டின்னு இருந்துச்சு. தீரவே இல்ல, சனியன்."

தோப்பில் ஒரு அணில் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. திம்மராயன் அந்தக் கரும்பழுப்பைப் பிடிப்பதற்காகத் தான் பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தார். கருப்பும் சிவப்பும் கலந்து, துளி பச்சை விட்டு, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி. ஓட்டையே இல்லாத நல்ல கித்தானில். கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்று.

"நான் ஒரு தடவ கேட்டேம்மா, அது என்னாத்துக்குன்னு. 'அது அங்க இருக்கணும்பா' அப்படின்னாரு."

"இருக்கணும்ல? இல்லன்னா ஓட்டை தெரியுமே."

"அப்ப முதுகு?" திம்மராயன் விடவில்லை. "எல்லாரும் திரும்பிக்கினு நிப்பாங்களே, அது..."

"மூஞ்சி வராது அவருக்கு. கல்யாணம் ஆன புதுசுல என் மூஞ்சிய ஒரு தரம் வரைஞ்சாரு. எங்கண்ணன் மாதிரி இருந்துச்சு. மீசை ஒண்ணுதான் இல்ல. ரெண்டு நாள் நான் சோறாக்கல. அதுக்கப்பறம் யாரு மூஞ்சியும் போடறதில்ல." சென்னம்மாள் சிரித்தார். சிரிப்பு நின்றதும் பாத்திரத்தைக் குலுக்கி விதைகளைச் சமமாக்கினார். "ஆனா முதுகு நல்லா போடுவாரு. நடையப் பாத்தே இன்னார்னு சொல்லிரலாம். பொய் சொல்லக்கூடாது."

"ஆமாம்மா" என்றார் திம்மராயன். அது உண்மைதான்.

"தூணை எடுத்துடு, கண்ணு. எனக்கும் அத நெனச்சா இடுப்பு வலிக்குது."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அழுகை வருமோ என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. சூளகிரி தாண்டும்போது பசி வந்தது. இறங்கியதும் ரெண்டு போண்டா சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து, முதல் ஷிப்ட் முடிந்ததும் மலைப்பாதையின் முதல் வளைவுக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். கித்தான் வீட்டில் இருக்கும். இங்கே தாள்களில் துண்டு துண்டாக எடுத்துப்போவார். முதல் சில நாட்கள் ரொம்ப சிரமமாக இருந்தது. இடதுகைப் பக்கம் வந்ததும் கை தானாகப் பழுப்பைத் தேடிற்று. முப்பது வருஷத்தில் முதன்முறையாக, ஓசூருக்கு இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டி வந்தது. நிறைய இருந்தது. ஷெட்டுகள், அவற்றின் நீலத் தகரக் கூரைகள், செல்போன் டவர்கள், பாதியில் நிற்கும் அடுக்குமாடிகள், நெடுஞ்சாலையில் கர்நாடகாவை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் லாரிகளின் வரிசை, இவை எல்லாவற்றுக்கும் நடுவே தன்னை யாரும் வாங்கிவிடவில்லை என்பதுபோல ஒரு கொத்தமல்லித் தோட்டம்.

வளைவுக்கு நேர் கீழே வீடுகள். ஒன்றன் தோளில் ஒன்று கை வைத்த மாதிரி மொட்டைமாடிகள். ஒரு மாடியில் ஒரு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டே கன்னடத்தில் யாரையோ திட்டுவார். இன்னொன்றில், இரவு ஷிப்ட் முடித்த பையன்கள் பாயைப் போட்டுப் பட்டப்பகலில் தூங்குவார்கள். தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று போனில் சிக்னல் தேடும் ஒரு பெண் ஒருநாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நேராகப் பார்த்தாள். திம்மராயன் அந்த முகத்தை வரைந்தார். முதலில் மூக்கு சரியாக வரவில்லை. பிறகு கண் சரியாக வரவில்லை. பிறகு ஏதோ ஒரு மாதிரி, அது ஒரு முகமாக ஆயிற்று.

தை பிறப்பதற்குள் படம் நிறைந்துவிட்டது. கூடத்தில் இடம் போதாமல் கட்டிலைச் சாய்த்து வைத்துவிட்டு வரைந்தார். சுகுணா துடைப்பத்தோடு வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்றார்.

"நல்லால்லயா?"

"வீடு பெருக்கக் கூச்சமா இருக்குது." பிறகு கிட்டே போய்ப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்கு மூக்கு கொஞ்சம் பெருசு. மத்தபடி நல்லாத்தான் இருக்குது. இது உன்னுது. அவருது இல்ல."

திம்மராயன் வலது கீழ் மூலையில், தலைவர் ஓரமாக என்று சொன்னதை மறந்து, கொஞ்சம் நன்றாகவே தெரிகிற மாதிரி 'திம்மராயன்' என்று எழுதினார். கடைசி எழுத்தின் புள்ளியை வைக்கும்போது மட்டும் கண்ணை மூடித் திறந்தார்.

திறப்பு விழா தை மாதத்தில் ஒரு நல்ல நாளில் நடந்தது. படத்துக்குக் கீழே கருப்பு கிரானைட்டில் ஒரு கல்வெட்டு பதித்திருந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. ஓவியத்தைத் திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர்கள், வரவேற்றவர், வாழ்த்தியவர்கள், நன்றி கூறியவர், கட்டடக் காண்ட்ராக்டர், கல் உபயம் செய்தவர் என்று அத்தனை பெயர்களும் தங்க எழுத்தில் மின்னின. ஓவியர் பெயருக்கு இடம் வரவில்லை. கடைசி வரியில் 'மற்றும் பலர்' என்று இருந்ததில் திம்மராயனும் அடக்கம் என்று அசோக்குமார் விளக்கினார்.

திரை விலகியதும் கைதட்டல். பிறகு உறுப்பினர்கள் எல்லோரும் படத்தை நெருங்கி, தேர்வு முடிவு ஒட்டிய பலகையில் நம்பர் தேடுவதைப் போல் அவரவர் கம்பெனியைத் தேடினார்கள். விஜயகுமார் தன் ஷெட்டைக் கண்டுபிடித்து அதன்மேல் விரல் வைத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அசோக்குமார் தொடுவானத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்துவிட்டு, "போட்டுட்டீங்க! எனக்குத் தெரியும் நீங்க போடுவீங்கன்னு" என்று திம்மராயனின் கையைப் பிடித்துக்கொண்டார். அது வெயில் விழுந்த பாறை. திம்மராயன் கையை விடுவித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஜெகதீஷ் அத்திப்பள்ளி டிராபிக்கில் மாட்டித் தாமதமாக வந்து, வந்த வேகத்தில் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருந்த மேடையில் ஏறினார். கதர் ஜிப்பா, கழுத்தில் ஒரு துண்டு. அவருடைய உரையின் தலைப்பு அழைப்பிதழிலேயே அச்சாகியிருந்தது: 'தூணும் துயரமும்: சென்னகிருஷ்ணன் மரபில் எல்லையின் இருப்பு.' கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியைப் படித்துவிட்டு, உதாரணம் காட்டுவதற்காகப் படத்தின் இடப்பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அங்கே கொத்தமல்லித் தோட்டம் இருந்தது.

கூட்டம் காத்திருந்தது. திம்மராயன் நாற்காலி நுனிக்கு வந்தார். இதோ, இப்போது சொல்லப்போகிறார். இது சென்னகிருஷ்ணன் இல்லை, வேறு யாரோ என்று. யார் என்று கேட்கப்போகிறார்.

"நோடி, பாருங்க" என்றார் ஜெகதீஷ், மெதுவாக. "நோடி சார். தூணு இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். "தூணு ஏன் இல்ல? ஏன்னா, இனிமே அது படத்துல இருக்கணும்னு அவசியமே இல்ல. அது நம்ம எல்லார் மனசுக்குள்ளேயும் வந்தாச்சு. அது இல்லாத எடத்துலதான் அது ரொம்ப ஜாஸ்தி இருக்குது! முகங்கள் பாருங்க. இத்தன வருஷம் திரும்பி நின்னவங்க இன்னிக்கு நம்ம பக்கம் திரும்பியிருக்காங்க. யாரைப் பாக்கறாங்க? போயிட்ட சென்னகிருஷ்ணனைத் தேடறாங்க! சென்னகிருஷ்ணன் பாணியோட உச்சம் இதுதான். அற்புதா!"

கூட்டமே எழுந்து நின்று கைதட்டிற்று. விஜயகுமார்தான் எல்லோருக்கும் முன்னால் எழுந்தார்.

திம்மராயனுக்கு, 'சென்னகிருஷ்ணனின் சீடர்' என்று மைக்கில் அறிவித்து ஒரு சால்வை போர்த்தினார்கள். கீழே இறங்கியபோது ஜெகதீஷ் அவர் தோளில் கை போட்டு, "எப்படி சார் தைரியம் வந்தது, அந்தத் தூணை எடுக்க?" என்றார்.

"அது ஆணி ஓட்டைங்க" என்றார் திம்மராயன். "பொட்டிப் பலகையில ஓரமா ஆணி ஓட்டை இருக்கும். அத மறைக்கறதுக்கு அவரு சம்சாரம் வாசல் கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட்டைப் பூசி வச்சாங்க. அதான் தூணுங்க."

ஜெகதீஷ் அவரையே பார்த்தார். கண்கள் கலங்கின. "ஆணி ஓட்டை" என்றார். "மறைக்கப்பட்ட காயம். பெண்ணின் கை. கதவோட வண்ணம். சார், சார், இத நான் எழுதறேன். இன்னொரு நாலு பக்கம் வரும்." ஜிப்பாப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டே சாப்பாட்டுப் பந்தியை நோக்கி நடந்தார்.

எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். பிரியாணி வாசனை மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. ரிசப்ஷனில் திம்மராயன் மட்டும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சால்வை குத்தியது, மடித்துப் பக்கத்தில் வைத்தார். வருத்தம் என்று சொல்ல முடியாது. படத்தைப் பார்த்தால் பரவாயில்லாமல்தான் இருந்தது. தொட்டிமேல் நின்ற பெண்ணின் மூக்கு சற்றுப் பெரிசுதான். சுகுணா சொன்னது சரி.

அப்போது ஒரு இளைஞன் உள்ளே வந்தான். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் ஒரு பை. விஜயகுமாரின் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பாஸ்கரன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். பந்திக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். மாடிப்படியை நோக்கிப் போனவன், படத்தைப் பார்த்ததும் நின்றான். ஒரு அடி பின்னால் வந்தான். பையை இறக்கிக் கீழே வைத்தான். பிறகு கிட்டே போய்ப் பார்த்தான்.

கம்பெனிகள் இருந்த பக்கம் அவன் போகவே இல்லை. கல்வெட்டைப் படிக்கவும் இல்லை. கீழே இருந்த மொட்டைமாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். துணி உலர்த்தும் அம்மாளைப் பார்த்தான். தூங்கும் பையன்களைப் பார்த்தான். தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, மூக்கு கித்தானில் படுகிற மாதிரி குனிந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் தன் படத்தை இப்படி ஒரு ஆள் பார்த்துத் திம்மராயன் பார்த்ததில்லை.

பாஸ்கரன் திரும்பினான். "அண்ணாச்சி, இது யாரு வரைஞ்சது?"

திம்மராயன் எழுந்து நின்றார். சால்வை கீழே விழுந்தது. "நான்தாம்பா."

"நீங்களா! ஒங்க பேரு?"

"திம்மராயன்."

"திம்மராயன்" என்று அவன் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொன்னான். "எல்லாத்தையும் பாத்துப் பாத்துப் போட்டிருக்கியளே அண்ணாச்சி! ஒரு சின்ன விஷயத்தக்கூட விடல."

"விடக்கூடாதுப்பா" என்றார் திம்மராயன்.

"இந்த ரோஸ் கலர் வீட்டுல மாடிச் சுவத்துல 'டு லெட்'டுன்னு அட்டை தொங்குதுல்லா. போன் நம்பர்கூட எழுதியிருக்கிய. கடைசி நம்பர் மட்டும் சரியாத் தெரியல. எட்டா, மூணா?"

திம்மராயன் கீழே கிடந்த சால்வையை எடுத்து சோபாவில் போட்டார். பிறகு படத்துக்கு அருகே போய்க் குனிந்து பார்த்தார்.

"மூணு" என்றார்.

"தண்ணி ஒழுங்கா வருமா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தரம் விடறாங்க. தொட்டி பெருசு. ஆனா மேல் மாடி, வெயில் அடிக்கும்."

"வந்ததுலேர்ந்து லாட்ஜுலதான் கெடக்கேன் அண்ணாச்சி. ஒரு வீடும் அமைய மாட்டேங்கு. வேற ஏதும் காலியா இருக்கா?"

திம்மராயன் விரலை நீட்டி, அந்தத் தெருவின் கடைசியில் பச்சை வீட்டைக் காட்டினார். அங்கே பேச்சிலருக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பின்னால் தகரம் போட்ட வீட்டில் போன வாரம்தான் ஆள் காலி செய்தார்கள். ஆனால் அசைவம் சமைக்கக்கூடாது. பாஸ்கரன் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு அவருடைய போன் நம்பரை வாங்கித் தன் போனில் பதிந்தான்: 'திம்மராயன், வீட்டு புரோக்கர்.'